வெளிய மைனஸ் நூறு, உள்ள வேர்வை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல விண்வெளி நடையைப் பத்தி ஒரு சின்ன பதில் போட்டிருந்தோம், அதுல சுனிதா வில்லியம்ஸ் 9 தடவை வெளிய போய் மொத்தம் 62 மணி நேரம் 6 நிமிஷம் இருந்தாங்கன்னு எழுதினதுதான் தாமதம், வந்து குவிஞ்ச கேள்வி பூரா அவங்க போட்டிருந்த உடுப்பைப் பத்தியே. அதனால இந்த தடவை வேற விஷயமே கிடையாது.

அண்ணே, விண்வெளியில நிழல் பக்கம் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழ போகும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. அப்போ ஸ்பேஸ்சூட்டுக்குள்ள ஹீட்டர் வச்சிருப்பாங்களா?
– உயர்நிலை 3 மாணவர், தெம்பனீஸ்

விரல் நுனியில மட்டும் வச்சிருக்காங்க தம்பி. நாசா கையுறையில ஒவ்வொரு விரலுக்கும் குட்டி ஹீட்டர் இருக்கு, ஏன்னா சில்லுனு கிடக்கிற கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நகரணும். மத்தபடி அங்க பெரிய தலைவலி குளிர் இல்ல, உடம்புச் சூடுதான். வெயில் படுற பக்கம் 120 டிகிரி, நிழல்ல நீ சொன்ன கணக்கு, அதெல்லாம் சரி, ஆனா நம்ம உடம்புச் சூட்டை வாங்கிட்டுப் போக வெளிய காத்துன்னு ஒண்ணு இல்லையே, அதுலயும் உடுப்பு பல அடுக்கு, நடுவுல அலுமினியம் பூசின மைலார்ங்கிற பிளாஸ்டிக் தாள் வேற, வேலை செய்யற ஆள் உடம்பு 300, 400 வாட் அளவுக்கு சூடு விடும், அது அத்தனையும் உள்ளயே தங்கிடும்.

1966 ஜூன்ல ஜெமினி 9ங்கிற அமெரிக்க விண்கலத்துல இருந்து ஜீன் செர்னான் வெளிய போனப்ப இது நல்லாவே புரிஞ்சுபோச்சு. அப்பல்லாம் உள்ள ஆக்சிஜனை ஊதி ஊதித்தான் குளிர வைப்பாங்க. மனுஷன் ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினதுல வேர்த்து ஊத்தி, முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியல, உள்பக்கம் கையை விட்டு தொடைக்கவா முடியும், மூக்கைக் கண்ணாடியில வச்சுத் தேய்ச்சு ஒரு சின்ன இடத்தைத் தெளிவாக்கி அது வழியா பாத்துக்கிட்டே திரும்பி வந்தார்.

நிலாவுக்குப் போன அப்போலோ பயணங்களுக்கு வந்தப்ப காத்தை மட்டும் நம்பாம தண்ணிக்கு மாறிட்டாங்க. உடம்போட ஒட்டின மாதிரி ஒரு உள்ளுடுப்பு, அதுல மெல்லிசு ட்யூப்பை நெளிநெளியா கோத்து தண்ணி ஓட விடறது. இப்போ ஸ்பேஸ் ஸ்டேஷன்ல நாசா போடறதுல அந்த ட்யூப் மட்டும் கிட்டத்தட்ட 90 மீட்டர். உடம்புச் சூட்டை வாங்கின தண்ணி முதுகுப் பெட்டிக்குப் போகுது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச சாமானே அங்கதான் இருக்கு. பொடிப்பொடி ஓட்டையா ஒரு உலோகத் தகடு, அதோட ஒரு பக்கம் வெற்றிடம். இன்னொரு டேங்க்ல இருந்து வர்ற தண்ணி அந்த ஓட்டைக்குள்ள போய் வெற்றிடம் பட்டதும் ஐஸா உறைஞ்சிடும், ட்யூப் தண்ணி கொண்டுவந்த சூட்டை அந்த ஐஸ் வாங்கிக்கிட்டு, உருகாமலே நேரா ஆவியாகி வெளிய போயிடும். கம்ப்ரசர் இல்ல, கேஸ் நிரப்பற வேலை இல்ல. டேங்க் தண்ணி தீர்ந்தா குளிர்ச்சியும் தீர்ந்துச்சு, அவ்ளோதான்.

ஆனா ஆளை ஒட்டி இவ்ளோ தண்ணி ஓடினா அதுலயும் ஆபத்து இருக்கு. 2013 ஜூலை 16ஆம் தேதி இத்தாலிக்காரர் லூக்கா பர்மிட்டானோ வெளிய வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது பின்மண்டையில ஏதோ ஈரமா இருக்குன்னார். எடை இல்லாத இடம், தண்ணி கீழ சொட்டாது, அப்படியே தோல்ல ஒட்டிக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து காது, கண்ணு, மூக்குன்னு மூடிடுச்சு. கண்ணும் தெரியல, சரியா கேக்கவும் இல்ல, இடுப்புல கட்டின கயித்தோட இழுப்பை வச்சே வழி கண்டுபிடிச்சு உள்ள வந்து சேர்ந்தார். ஹெல்மெட்ல ஒண்ணரை லிட்டர் தண்ணி! தண்ணியையும் காத்தையும் பிரிக்கிற பம்ப்ல அழுக்கு அடைச்சு, தண்ணி காத்து போற வழியில புகுந்திருக்கு. இப்போ பின்மண்டை பக்கம் தண்ணியை உறிஞ்சற பேட் ஒண்ணும், வாய்க்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் குழாயும் வச்சு அனுப்பறாங்க. ஹெல்மெட்ல தண்ணி ஏறினா அந்தக் குழாய் வழியா வயித்துப் பக்கம் இருக்கிற காத்தை இழுத்து சுவாசிக்கலாம்.

அதைப் போட்டவங்க ஏன் அவ்ளோ மெதுவா, கையைக் காலை மடக்காம நகர்றாங்க? கனமா இருக்கிறதாலயா? என் பையன் கேட்டான், எனக்கு பதில் தெரியல.
– ஒரு அப்பா, உட்லண்ட்ஸ்

கனம் நூறு கிலோவுக்கு மேலதான், ஆனா அங்க எடை தெரியாதே. காரணம் உள்ள இருக்கிற காத்து. பொறந்தநாள் விழாவுல நாய்க்குட்டி செய்யற நீள பலூன் இருக்கில்ல, அதை ஊதிட்டு நடுவுல மடக்கச் சொல்லுங்க பையனை, மடங்கும், விட்டா உடனே நிமிர்ந்துடும். மடக்கும்போது உள்ள இடம் குறையுது, காத்தை நசுக்கணும், அதுக்குத்தான் பலம் வேணும். ஸ்பேஸ்சூட்ல ஒவ்வொரு தடவை விரலை மடக்கறப்பவும் இதே கதை.

1965 மார்ச் 18ஆம் தேதி சோவியத் வீரர் அலெக்சி லியோனோவ் மனுஷங்கள்லயே முதல் ஆளா வெளிய மிதந்தப்ப, வெறும் 12 நிமிஷம்தான், அதுக்குள்ள உடுப்பு உப்பிப்போய் கை கையுறையை விட்டும் கால் பூட்ஸை விட்டும் நழுவிடுச்சு, திரும்ப உள்ள நுழைய முடியல. தரையில யாருக்கும் சொல்லாம வால்வைத் திறந்து காத்தை இறக்கிட்டு, கால் முதல்ல போகவேண்டிய இடத்துல தலை முதல்ல போட்டு நுழைஞ்சார்.

அப்புறம் வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த மடக்கற பிரச்சினைக்கு வைத்தியம்தான். மடக்கினாலும் உள்ள இடம் குறையாத மாதிரி மூட்டுல மடிப்பு மடிப்பா வச்சாங்க, தோள், மணிக்கட்டு, இடுப்புல சுழல்ற பேரிங் போட்டாங்க, மார்புப் பகுதியை துணியை விட்டுட்டு கெட்டியான ஃபைபர்கிளாஸ்ல செஞ்சாங்க. இதோட அழுத்தத்தையும் குறைச்சு வைக்கறாங்க. நம்ம இங்க கடல் மட்டத்துல 101 கிலோபாஸ்கல்ல இருக்கோம், நாசா உடுப்புல சுமார் 30தான், ஆனா சுத்த ஆக்சிஜன், அதனால மூச்சுக்குப் பஞ்சமில்ல. ரஷ்யாவோட ஓர்லான்ங்கிற உடுப்புல 40 வரைக்கும் வைக்கறாங்க.

சரி, குறைச்சாலும் ஒரு விலை இருக்கு. ஸ்பேஸ் ஸ்டேஷன்ல நம்ம மாதிரிதான் சாதாரண காத்து, அங்கேருந்து திடீர்னு 30க்கு இறங்கினா ரத்தத்துல கரைஞ்சிருக்கிற நைட்ரஜன் குமிழ் குமிழா வந்து மூட்டு வலியில ஆரம்பிச்சு உசுருக்கே ஆபத்தாகலாம். கடல்ல டைவிங் போறவங்களுக்குத் தெரிஞ்ச நோய். சிங்கப்பூர்ல 1980கள்ல முதல் எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டினப்ப அழுத்தக் காத்துக்குள்ள வேலை பாத்த தொழிலாளிகளுக்கும் வந்த நோய்தான் இது. அதனால நாசா ஆட்கள் வெளிய போறதுக்கு முன்னாடி சுத்த ஆக்சிஜனை மணிக்கணக்கா சுவாசிச்சு நைட்ரஜனைக் கழுவி விடறாங்க. ஓர்லான் போடறவங்களுக்கு இந்தக் காத்திருப்பு கம்மி, ஆனா உடுப்பு விறைப்பு ஜாஸ்தி. ரெண்டுல எது மேல்னு கேட்டா, அவசரத்துக்கு ஓடணும்னா நான் ஓர்லான் பக்கம்தான்.

தம்பி, நான் முப்பது வருஷமா சேலை ரவிக்கை தைக்கிறேன். இதையும் ஒரு மனுஷி உக்காந்து தைச்சிருப்பாளா, இல்ல எல்லாம் மெஷினா?
– வாசகி, ஈசூன்

மனுஷிங்கதான் அக்கா! நிலாவுல போட்ட அப்போலோ உடுப்பை செஞ்ச ஐஎல்சி கம்பெனி, பிளேடெக்ஸ்ங்கிற பேர்ல பெண்களோட உள்ளாடை வித்த கம்பெனியோட ஒரு பிரிவு. அங்க தையல் மிஷின்ல இருந்த அக்காமார்களே விண்வெளி உடுப்புக்கு மாறினாங்க. தையல் ஒரு மில்லிமீட்டர்கூட பிசகக்கூடாது. குண்டூசி குத்தி வச்சுத் தைக்கறது உங்களுக்குப் பழக்கம், அங்க அது எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கற சாமான், ஒரு ஊசி உள்ள மறந்து கிடந்தா காத்துப் பையே ஓட்டையாகிடும்னு முடிச்ச உடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. 21 அடுக்கு, அதையும் அளவெடுத்து ஆளுக்கு ஆள் தனித்தனியா.

அப்போலோவுக்குப் பிறகு வந்த ஸ்பேஸ் ஷட்டில் விண்கலக் காலத்துல அந்த ஆளுக்கொரு தையலை விட்டுட்டு, மார்பு, கை, காலுன்னு தனித்தனி துண்டா செஞ்சு மாட்டிக்கிற முறைக்குப் போனாங்க, செலவு மிச்சம், ஆனா சைஸ்ல இடிச்சுது. 2019 மார்ச்ல ரெண்டு பெண்கள் சேந்து வெளிய நடக்க வேண்டியது, ரெண்டு பேருக்குமே மீடியம் மார்புப் பகுதிதான் சரியா வரும், தயாரா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதனால ஆளை மாத்திட்டாங்க. அக்டோபர் 18ஆம் தேதிதான் கிறிஸ்டினா காக்கும் ஜெசிக்கா மெய்ரும் ஒண்ணாப் போனாங்க. ஒரு ரவிக்கைக்கு ரெண்டு பேர்னா நீங்க என்ன செய்வீங்கன்னு எழுதுங்க.

கையுறைதான் இன்னிக்கும் கஷ்டமான தையல். அதுல வேலை பாத்து நகமே பேந்து வந்தவங்க உண்டு. 2007ல நாசா நல்ல கையுறை செய்யறவங்களுக்குன்னு போட்டி வச்சப்ப, பீட்டர் ஹோமர்னு வேலையில்லாம இருந்த ஒரு இன்ஜினியர் வீட்டுலயே தைச்சுக் கொண்டுபோய் 2 லட்சம் அமெரிக்க டாலர் ஜெயிச்சார்.

டாய்லெட்? மூக்கு அரிச்சா?
– பேர் போட வேணாம்னு சொன்ன வாசகர்

டயப்பர். மூக்குக்கு, ஹெல்மெட் உள்ள ஒரு ஸ்பான்ஜ் கட்டை இருக்கு, காது அடைச்சா மூக்கை அதுல அழுத்தி ஊதி சரிபண்றதுக்காக வச்சது, எல்லாரும் சொறியறதுக்கும் அதையேதான் பயன்படுத்தறாங்க.

ராக்கெட்ல ஏறும்போது போடறது மெல்லிசா இருக்கே, ஷட்டில்காரங்க ஆரஞ்சு கலர்கூட போட்டிருந்தாங்க. அதையே போட்டுட்டு வெளிய போகலாம்ல?
– பாலிடெக்னிக் மாணவி, ஜூரோங்

முடியாதும்மா, அது வேற வேலைக்கு. கேபின்ல காத்து போயிட்டா உசுரைப் பிடிச்சுக்க மட்டும்தான் அது. ஆரஞ்சு எதுக்குன்னா கடல்ல விழுந்தா தேடறவங்க கண்ணுல படணும், வெளிய போடற வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பறதுக்கு. மெல்லிசுதானேன்னு நினைச்சுடாத. 1971 ஜூன் 30ஆம் தேதி சோவியத் விண்கலம் சோயூஸ் 11 திரும்பி வந்தப்ப, மூணு பேர் நெருக்கி உக்கார இடம் வேணும்னு அழுத்த உடுப்பே இல்லாம வந்தாங்க. வழியில ஒரு வால்வு திறந்து காத்து மொத்தமும் போயிடுச்சு. தப்பிக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கல, மூணு பேருமே போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் சோகோல்ங்கிற உடுப்பு வந்துச்சு, அதைப் போட இடம் பத்தாம பல வருஷம் சோயூஸ்ல ரெண்டு பேரை மட்டும்தான் அனுப்பினாங்க.

புது நிலா உடுப்பை பிராடா செய்யுதாமே, உண்மையா விளம்பரமா?
– வாசகர், செங்காங்

உண்மை. நாசாவுக்காக ஆக்சியம் ஸ்பேஸ்ங்கிற கம்பெனி செய்யுது, வெளித்துணி விஷயத்துல பிராடாங்கிற ஃபேஷன் கம்பெனி கூட நிக்குது. ஓர்லான் மாதிரி முதுகுல கதவு, அதைத் திறந்து உள்ள இறங்கிட வேண்டியதுதான். நிலாவோட தென்துருவத்துல வெயிலே படாத பள்ளங்கள்ல குறைஞ்சது ரெண்டு மணி நேரம் தாக்குப் பிடிக்கணும்னு செய்யறாங்க. எனக்கு பிராடாவை விட கவலை அந்த நிலாத் தூசி மேலதான். காத்தும் தண்ணியும் இல்லாத இடம்ங்கிறதால அந்தத் தூள் முனை மழுங்காம கூர்மையாவே கிடக்கு, அப்போலோ ஆட்கள் சில நாள் நடந்ததுக்கே துணியை அரிச்சு, மூட்டு இணைப்புல புகுந்து திருப்பவே கஷ்டமாக்கிடுச்சு, அப்போலோ 17ல போன ஹாரிசன் ஷ்மிட் கேபினுக்குள்ள வந்து ஹெல்மெட்டைக் கழட்டினதும் மூக்கடைச்சு தும்ம ஆரம்பிச்சுட்டார். புது உடுப்பு அந்தத் தூசியில ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல, திரும்பத் திரும்பப் போயிட்டு வரணும்.