641-க்குப் பிடிபட்ட எண்

கேள்வி: என் மகன் கணினித் துறையில் இருக்கிறான். 4294967296 என்ற எண் அவன் வேலையில் அடிக்கடி வருமாம், 2-ஐ 32 தடவை பெருக்கினால் வருவது. அதோடு 1 கூட்டி 4294967297 ஆக்கி, 100 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. அப்படியானால் இது பகா எண்தானா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை ஐயா, பகு எண்தான். ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. இதன் மிகச் சிறிய காரணியே 641. நூறோடு நிறுத்தியதால் அது கண்ணில் படவில்லை.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இங்கே தவறியிருக்கிறார். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தும் பகா எண்கள். அடுக்கு இப்படி இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில், 32-ஆம் அடுக்கோடு அடுத்து வருவது உங்கள் எண். எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று 1640-இல் அவர் நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் வந்து அதை உடைத்தார்:

4294967297 = 641 × 6700417

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இதைப் பலகையில் போடாமல் ஒரு வருடம்கூட விட்டதில்லை. நீங்களும் ஒரு தாளில் போடுங்கள். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 40-ஆல் பெருக்கினால் 268016680. அப்புறம் ஒரு 6700417. மூன்றையும் கூட்டுங்கள்.

சரி, 641 எப்படிக் கிடைத்தது? குருட்டாம்போக்கில் தேடினால் 65536-க்குள் (உங்கள் எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய அதுதான்) இருக்கும் 6542 பகா எண்களையும் பார்க்க வேண்டி வரலாம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே முயற்சி! பின்னாளில் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அதை 128-இன் மடங்கோடு 1 என்று இன்னும் இறுக்கினார்.

வகுக்காமலே பார்க்கவும் ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16. 5 × 128 என்பது 641-க்கு ஒன்று குறைவு; ஆக, 641-ஆல் வகுக்கும்போது அதை −1 என்றே எடுத்துக்கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கு 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு). −1-இன் நான்காம் அடுக்கு 1 என்பதால் இதன் மீதி 1. அதேபோல் 625 என்பது 641-க்கு 16 குறைவு; எனவே இப்போது 625-க்குப் பதில் −16-ஐ வையுங்கள். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்குதானே? எனவே 2-இன் 32-ஆம் அடுக்கை எதிர்க்குறியோடு எடுத்தால் மீதி 1. அதாவது மீதிக் கணக்கில் 2-இன் 32-ஆம் அடுக்கு −1-க்குச் சமம், உங்கள் 1-ஐக் கூட்டினால் மீதி பூஜ்யம்.

கேள்வி: அதற்கு மேலே உள்ளவற்றில் பகா எண் உண்டா?
- அதே வாசகர்

பதில்: இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது எண் என்று வைத்து எண்ணுவது வழக்கம்; உங்களுடையது 5-ஆவது. அதிலிருந்து 32-ஆவது வரை அத்தனையும் பகு எண்கள். 20-ஆவதும் 24-ஆவதும் பகு எண்கள் என்று உறுதியாகத் தெரியும், ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட யார் கையிலும் சிக்கவில்லை. 33-ஆவதை எழுதவே சுமார் 258 கோடி இலக்கங்கள் வேண்டும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் தீரவில்லை.