பாப்பரில் குறையில்லை, சோளம்தான் காய்ந்துவிட்டது

கேள்வி: விலை மலிவான ஹாட் ஏர் பாப்பர் (எண்ணெய் இல்லாமல் சூடான காற்றில் பாப்கார்ன் பொரிக்கும் இயந்திரம்) ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் சில தடவை பாத்திரம் வழிய வழியப் பொரிந்தது. இப்போது கால்வாசி மணிகள் பொரிவதே இல்லை. சில மணிகள் அப்படியே வெளியே பாய்ந்து மேஜையெல்லாம் சிதறுகின்றன, சில உள்ளேயே தங்கிவிடுகின்றன. பொரிந்தவையும் முன்பு போலப் பெரிதாக இல்லை. உப்பும் ஒட்டுவதில்லை. ஒட்டட்டும் என்று ஒரு ஸ்பூன் எண்ணெயை உள்ளேயே விட்டேன், குபுகுபுவென்று புகை வந்துவிட்டது. விலை கூடிய பாப்பராக வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு சூடாக்கும் சுருள், ஒரு விசிறி, சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு சின்னப் பாதுகாப்பு, அவ்வளவுதான். விலை கூடியதிலும் இதே மூன்றுதான்; மேலே ஒரு சுவிட்ச் இருக்கும், மூடி பளபளவென்று இருக்கும். இரண்டு மாதம் முன்பு நன்றாகப் பொரித்த இயந்திரம் இன்று பொரிக்கவில்லை என்றால், இடையில் எது மாறியது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மாறியது பாக்கெட்டில் இருக்கும் சோளம்.

நீங்கள் சொல்லும் பொரியாத மணிகளில் இரண்டு வகை கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மேஜையில் சிதறியதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் இருந்தது போலவே மஞ்சளாக, பளபளப்பாக இருந்தால் அது வேகவே இல்லை. சூடேறுவதற்குள் காற்று அதைத் தூக்கி எறிந்துவிட்டது. இனி, பாப்பரின் அடியில் தங்கிய ஒன்றை எடுங்கள். அது மங்கி, பழுப்பேறி, சில இடத்தில் கருகியும் இருக்கும். இது முழுச் சூட்டையும் வாங்கிக்கொண்டு வெடிக்காமல் நின்ற மணி. முதலாவது பறந்த மணி, அதற்குக் காரணம் விசிறியும் நீங்கள் போடும் அளவும். இரண்டாவது தங்கிய மணி, அதற்குக் காரணம் சோளம்.

தங்கிய மணியிலிருந்தே தொடங்குவோம். பாப்கார்ன் மணிக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். அதைச் சுற்றி இறுக்கமான, கண்ணாடி போன்ற தோல். சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகப் பார்க்கும், தோல் விடாது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் அந்த நீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும். கிட்டத்தட்ட 180 டிகிரியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப் போல ஒன்பது பத்து மடங்கு ஆகிவிடும். அதற்குள் மாவுச்சத்தும் வெந்து கூழாகியிருக்கும். அப்போது தோல் பிளக்கிறது. அழுத்தம் ஒரே நொடியில் விழ, ஆவி அந்தக் கூழை நுரையாக ஊதிவிடுகிறது. ஊதிய நுரை அதே நொடியில் ஆறி இறுகிவிடுகிறது. நாம் சாப்பிடுவது அந்த இறுகிய நுரையைத்தான்.

ஆகவே ஈரம் குறைந்தால் ஆவி குறையும், ஆவி குறைந்தால் மணி வெடிக்காமலே போகும், இல்லையென்றால் அரைகுறையாக வெடித்துச் சின்னதாக நிற்கும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம். தோலில் கீறல் விழுந்த மணியும் இப்படித்தான்: ஆவி கசிந்து போய்விடும், அழுத்தம் சேராது. அப்படிச் சில மணிகள் எந்தப் பாக்கெட்டிலும் இருக்கும். அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. (சமையலுக்கு வாங்கும் சாதாரண மக்காச்சோளத்தை இதில் போட்டுப் பார்க்க வேண்டாம். அதன் தோல் ஆவியைப் பிடித்து வைக்காது, வறுபடும், பொரியாது.)

பாக்கெட்டைத் திறந்து ஒரு கிளிப்பைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், இரண்டு மாதத்தில் சோளம் காய்வதற்கு அதுவே போதும். குளிர்சாதனப் பெட்டியில் திறந்தபடி வைப்பது அதைவிட மோசம். அந்தக் காற்று மிகவும் வறண்டது.

காய்ந்த சோளத்தை மீட்கலாம். ஒரு சின்னக் கணக்கு: உங்களிடம் 500 கிராம் சோளம் இருக்கிறது, ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 440 கிராம் உலர்ந்த பொருள், 60 கிராம் நீர். திரும்ப 14 சதவீதம் ஆக்க ஏறக்குறைய 12 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது இரண்டரை டீஸ்பூன். அவ்வளவுதான்! தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் சோளத்தைக் கொட்டி, முதலில் இரண்டு டீஸ்பூன் விட்டு மூடிக் குலுக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து தடவை, பிறகு நாளுக்கு இரண்டு தடவை. முதலில் மணிகள் ஜாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈரம் உள்ளே போகப் போகக் குலுக்கும்போது மறுபடி கலகலவென்று உதிரும். அந்தச் சத்தம் வந்த பிறகும் உடனே பொரித்துவிடாதீர்கள். தோலுக்குள் போன ஈரம் நடுவரை பரவ இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

மூன்றாம் நாள் ஒரு அளவு பொரித்துப் பாருங்கள். இன்னும் நிறையத் தங்கினால் மேலும் அரை டீஸ்பூன். மாறாக, பொரி கெட்டியாக, மெல்ல மெல்ல ரப்பர் போல இழுத்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். ஒரு தட்டில் பரப்பிச் சில மணி நேரம் காற்றாட விட்டு மறுபடி ஜாடியில் அடையுங்கள்.

இனி, பறந்த மணிகள். கண்ணால் பார்த்து ‘கொஞ்சம் போதும்’ என்று குறைவாகப் போடுவதுதான் இதற்கு முதல் காரணம். மணிகள் ஒன்றன் மேல் ஒன்று கனமாகக் கிடந்தால்தான் விசிறிக் காற்று அவற்றைச் சுழற்றும். குறைவாக இருந்தால் தூக்கி எறியும். மூடியோடு வரும் கிண்ணம் வெண்ணெய்க்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவே சோளத்துக்கான அளவுக் கிண்ணமும்கூட. அதைத் தலைதட்டி ஒரு முறை போடுங்கள், கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கூட்டினால் வேறு தொல்லை: பொரிந்தது மேலே ஏற வழியில்லாமல் உள்ளேயே நின்று கருகும்.

இரண்டாவது, சாய்மானம். இதை எந்தக் கையேடும் சொல்லாது, நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் வெடிச் சத்தம் கேட்கும்வரை பாப்பரைப் பின்பக்கமாக இலேசாகச் சாய்த்து, வாய் சற்று மேலே பார்க்கும்படி கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். பொரியத் தொடங்கியதும் நேராக வைத்துவிடுகிறேன். அதன்பின் மேலே நிறையும் பொரியே மூடிபோல நின்று மணிகளை உள்ளே அமுக்கிவைக்கும். உடலைத் தொடாதீர்கள், கைப்பிடி மட்டும். கைப்பிடி இல்லாத ரகமாக இருந்தால் சாய்க்கவே வேண்டாம். அளவைச் சரியாகப் போட்டால் போதும், பாதி குறைந்துவிடும்.

வெளியே விழுந்த மணியை வெறுங்கையால் பொறுக்காதீர்கள். ஒரு தடவை அப்படிப் பொறுக்கப் போய், என் விரல் நுனியிலேயே ஒன்று வெடித்தது. ஆறிய பிறகு, பளபளப்பாக இருக்கும் பறந்த மணிகளை அடுத்த தடவை சேர்த்துப் போடலாம். பழுப்பேறிய தங்கிய மணிகளை எறிந்துவிடுங்கள். பல்லை உடைப்பவை அவைதான்.

சோளமும் அளவும் சரி, இன்னும் பொரியவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். இந்த இயந்திரங்கள் ஆயிரம் வாட்டும் அதற்கு மேலும் இழுப்பவை. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வழியிலேயே மின்னழுத்தம் விழும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் சுருள் தரும் சூடு ஏறக்குறைய 19 சதவீதம் குறையும், வயரும் சூடாகும். பாப்கார்னுக்கு அந்தச் சூடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 2015இல் பிரான்ஸில் இம்மானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓவன் சூட்டைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். 170 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு மணிகள்தான் பொரிந்தன. 180இல் ஏறக்குறைய எல்லாமே. பத்து டிகிரி இடைவெளிதான்! நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள்.

எண்ணெய் விட்டதைப் பற்றி. அதை மறுபடி செய்யவே கூடாது. இது எண்ணெய்ச் சட்டி இல்லை, காற்று போகும் வழி. விட்ட எண்ணெய் பக்கத்துளைகள் வழியே சுருளுக்கு இறங்கும். நீங்கள் பார்த்த புகை அதுதான், கூடினால் தீயும் பிடிக்கும். வெண்ணெய், சர்க்கரை, உப்பு, மசாலாப் பொடி எதுவும் உள்ளே போகக் கூடாது. இப்போது பிளக்கைப் பிடுங்கி, முழுதும் ஆறியதும், உள்சுவரை ஈரம் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரே ஒரு அளவு பொரித்துப் பாருங்கள். மறுபடி புகையோ கருகல் வாடையோ வந்தால் அந்த இயந்திரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

உள்ளே பார்க்கும்போதே காற்று எங்கிருந்து வருகிறது என்றும் கவனியுங்கள். சுவரைச் சுற்றிச் சாய்ந்த பிளவுகள் இருந்தால் நல்லது, மணிகள் வட்டமாகச் சுழன்று சமமாக வேகும். அடியில் சல்லடை இருந்தால் உதிரும் தோல் துணுக்குகள் சுருளின் மேல் விழும். ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துத் தட்டிவிட வேண்டும். புதிது வாங்குகிறவர்கள் விலையைவிட இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

எப்போது நிறுத்துவது? வெடிச் சத்தங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நொடி இடைவெளி விழுந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். கடைசி நான்கு மணிகளுக்காகக் காத்திருந்தால் மற்றவை கருகும். அடுத்த அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். தொடர்ந்து மூன்று முறை ஓட்டினால் பாதுகாப்பு வேலைசெய்து இயந்திரம் நின்றுவிடலாம். அது கெட்டுப்போகவில்லை, ஆறினால் பெரும்பாலும் தானே ஓடும்.

உப்புக்கு வருவோம். காற்றில் பொரிந்ததன் மேல் எண்ணெய்ப் பசை கிடையாது, அதனால் கல்லுப்பும் சாதாரணத் தூளுப்பும் உருண்டு அடியில் போய்ச் சேரும். உப்பை மிக்சியில் போட்டு மாவுபோல அரைத்துக்கொள்ளுங்கள். பொரி சூடாக இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய்யோ எண்ணெயோ தெளித்துப் புரட்டி, அதன்பின் உப்பைத் தூவுங்கள். வெண்ணெயை அப்படியே உருக்கி ஊற்றினால் பொரி நமுத்துப்போகும், ஏனென்றால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர். நெய்யில் அது வற்றியிருக்கும். நீர் தெளித்து உப்பை ஒட்டவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நீர் பட்ட பொரி கண்ணெதிரிலேயே சுருங்குவதைப் பார்த்தால் மறுபடி செய்ய மாட்டீர்கள். எதுவுமே சேர்க்காமல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கப் பொரி ஏறக்குறைய 30 கலோரிதான். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் எப்படியும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஜாடியில் இன்றே தண்ணீர் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாளும் கால்வாசி தங்கினால் புதுப் பாக்கெட் ஒன்று வாங்கிப் பாருங்கள். புதுச் சோளம் போட்டு, சுவர்ப் பிளக்கில் மாட்டிய பிறகும் அதே அளவு தங்கினால் அப்போது பாப்பரை மாற்றலாம். அப்போதும் விலை கூடியதாக வேண்டாம், பக்கவாட்டில் பிளவு உள்ளதாகப் பாருங்கள்.