ஐ.என்.எஸ். கடலூர் ஓய்வுபெற்ற பிறகு என்ன ஆனது?

கண்ணிவெடி அகற்றும் இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் மதுரை என்பதால் நம்மூர் அளவிலேயே சொல்கிறேன்: நீளம் சுமார் 61 மீட்டர். வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு கரையோரம் இதுபோல் ஐந்தை வரிசையாக நிறுத்தலாம். போர்க்கப்பலில் இது சின்னதுதான், வேலை பெரிது. கருவிகளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போய், கடலடியோடு கம்பியால் கட்டப்பட்டு மிதக்கும் கண்ணிகளின் கம்பியை அறுக்கும். காந்தத்துக்கும் சத்தத்துக்கும் வெடிப்பவற்றை ஏமாற்றித் தொலைவிலேயே வெடிக்க வைக்கும். பெரிய கப்பல்களுக்கு முன்னால் ஆபத்துக்குள் நுழைகிற அந்த மாலுமிகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1987-இல் படையில் சேர்ந்தது. 2018 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் விடைபெற்றது. அப்புறம், உடைத்து இரும்பாக்காமல் புதுச்சேரிக் கடலில் மூழ்கடித்து நீரடி அருங்காட்சியகமாக்கத் திட்டம் போட்டார்கள். எண்ணெயையும் கழிவையும் முழுக்க அகற்றி இறக்கினால், அந்த எஃகு உடலில் பாசியும் சிப்பியும் பிடித்து மீன்கள் குடியேறும்.