கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி: மூன்று மாதம் பின்னால் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 32. கார்த்திகையில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து குணமானேன். மாசி பிறந்ததிலிருந்து தலை வாரினாலே முடி கொத்தாக வருகிறது. அதுவும் வேரோடு வருகிறது. சின்ன வெங்காயச் சாறு தேய்க்கிறேன், பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். பயந்துபோய்த் தலைக்குக் குளிப்பதையும் குறைத்துவிட்டேன். அம்மாவுக்கு வகிடு அகன்று உச்சந்தலை தெரியும். எனக்கும் அப்படி ஆகிவிடுமா? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அது காரணமா? தம்பிக்குத் தாடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புழுவெட்டு வந்திருக்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: கார்த்திகையில் காய்ச்சல், மாசியில் முடி உதிர்வு. நடுவில் உள்ள அந்த மூன்று மாத இடைவெளிதான் முக்கியமான தடயம்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் வளராமல் ஓய்வில் நின்று உதிரும். சாதாரண நாளில் நூற்றுக்கு 85–90 முடி வளர்ச்சியில்தான் இருக்கும். அதனால் தினமும் 50 முதல் 100 முடி விழுந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது போன்றவற்றில் உடம்பு ஆடிப்போகும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வுக் காலம் முடிந்ததும் எல்லாம் சேர்ந்து விழுகின்றன. காய்ச்சல் அடித்தபோது ஒரு முடிகூடக் கூடுதலாக விழுந்திருக்காது. இதனால்தான் பலர் உண்மைக் காரணத்தை விட்டுவிட்டு, போன வாரம் மாற்றிய ஷாம்பூவைக் குற்றம் சொல்கிறார்கள். மருத்துவர்கள் இதை ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்பார்கள்.

வேரோடு வருகிறது என்கிறீர்கள். விழுந்த முடியை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிதாக வெள்ளைக் குமிழ் தெரியும். அது வேர் அல்ல, ஓய்வுக்குப் போன முடியின் காய்ந்த அடிப்பகுதி. முடியை முளைக்க வைக்கும் குழி தோலுக்குள் அப்படியே இருக்கிறது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல், முடி குட்டையாகவும் நீளமாகவும் கலந்து வந்தால் அது உதிர்வே அல்ல, நடுவில் ஒடிந்த முடி. உப்புத் தண்ணீர், அயர்னிங், ஸ்ட்ரெய்ட்டனிங், ஈரத்தலையில் இழுத்து வாருவது எல்லாம் செய்வது இந்த ஒடிதலைத்தான். போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும். ஆனால் உங்களுக்கு முடி குமிழோடு வருவதற்கு அது காரணமில்லை.

இனி அம்மாவைப் பற்றிய பயம். பெண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை இப்படிக் கொத்தாகக் கொட்டாது. வருடக்கணக்கில் முடி மெலிந்துகொண்டே போகும். நெற்றி ஓரம் அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் முன்பக்கத்தில் அகலும். ஆண்களுக்கு நெற்றிப்பொட்டின் இரு ஓரமும் உச்சியும் போகும். காய்ச்சலால் வரும் உதிர்வில் தலை முழுவதும் ஒரே சீராக அடர்த்தி குறையும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே தலையில் இருக்கலாம். பரம்பரை மெலிவு ஏற்கெனவே மறைவாக இருந்திருந்தால், காய்ச்சலுக்குப் பிறகான உதிர்வு அதைச் சட்டென்று வெளியே காட்டிவிடும்.

பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நாள் தலைக்குக் குளிக்காமல் இருங்கள். ஆறாம் நாள், தண்ணீர் போகும் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தலையை அலசி, துணியில் சேர்ந்த முடியைக் காயவைத்து எண்ணுங்கள். நூறுக்கு மேல் இருந்து, ஏறக்குறைய எல்லாமே நீளமான முடி என்றால் காய்ச்சலின் விளைவுதான். பத்தில் ஒன்றுக்கு மேல் 3 செ.மீ.க்கும் குட்டையான, பூனைமுடி போல மெல்லியதாக இருந்தால் பரம்பரை மெலிவும் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒடிந்த துண்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிவாகச் சொல்ல, தோல் மருத்துவர் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வழியாக வகிட்டைப் பார்ப்பார். பக்கத்துப் பக்கத்து முடிகள் வெவ்வேறு தடிமனில் இருந்தால் அது பரம்பரை வகைக்கு அடையாளம்.

தலைக்குக் குளிப்பதைக் குறைத்தது வேண்டாத வேலை. ஓய்வு முடிந்த முடி எப்படியும் விழத்தான் போகிறது. ஒரு வாரத்து முடி ஒரே நாளில் சேர்ந்து வருவதைப் பார்த்துத்தான் பயம் கூடுகிறது. சோதனை முடிந்ததும் வாரம் இரண்டு மூன்று முறை குளியுங்கள்.

வெங்காயச் சாற்றை இன்றே நிறுத்திவிடுங்கள். தோல் எரிந்து, சிவந்து, கொப்புளம் வந்தால் உதிர்வு இன்னும் நீளும். தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடித்தண்டைக் காக்கும், ஒடிதலைக் குறைக்கும், புது முடியை முளைக்க வைக்காது. பொடுகு இருந்தால் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் உணவு.

பயோட்டின் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். கடையில் விற்பது பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம், அதாவது நூறு மடங்குக்கும் மேல். பற்றாக்குறை இல்லாதவருக்கு இதனால் முடி வளர்வதாக நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட மோசம், இது ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். தைராய்டு சரியாக இருப்பவருக்கும் அதிகமாகச் சுரப்பதுபோல் ரிப்போர்ட் வரலாம். பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தி, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

என்ன பரிசோதனை? முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இந்த மூன்றும் அவசியம். வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை மருத்துவர் சொன்னால் சேர்க்கலாம். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். கையிருப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது தரைதட்டியிருக்கலாம். முடி உதிர்பவர்களுக்கு அது 40-க்கு மேலாவது இருக்க வேண்டும் என்று பல தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால், உடம்பு தேறிய இப்போது பார்ப்பதே சரி. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பிறகு பல வீடுகளில் கஞ்சியும் ரொட்டியுமாகவே வாரக்கணக்கில் ஓடிவிடும். 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போனால் இந்தக் கணக்கு எட்டாது.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் எழுந்து நிற்பதுதான் முதல் நல்ல அடையாளம். முடி மாதம் ஒரு செ.மீ. அளவே வளரும் என்பதால், சடை பழைய கனத்துக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை மனம் தளர வேண்டாம்.

பரம்பரை மெலிவும் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் மினாக்ஸிடில் என்ற, தலையில் தடவும் மருந்து. 2 சதவீதக் கரைசல் என்றால் காலையும் இரவும் 1 மி.லி., முடியில் அல்ல, காய்ந்த தலைத்தோலில். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். ஓய்வில் நின்ற முடியைத் தள்ளிவிட்டுப் புதுமுடி வருவதால் அப்படி ஆகிறது. பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ வேண்டாம். கணவருக்கோ தம்பிக்கோ வழுக்கைக்காக எழுதிக்கொடுத்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொட்டுவிடாதீர்கள். வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கும்.

உதிர்வு ஆறு மாதத்தைத் தாண்டினால் தோல் மருத்துவரிடம் போங்கள். முடி போன இடம் பளபளவென்று, முடிக்குழியே தெரியாமல், வலியோ எரிச்சலோ சேர்ந்து இருந்தால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அது தழும்பாகும் வகை. அந்த இடத்தில் முடி திரும்ப வராது, பரவாமல் தடுக்க மட்டுமே முடியும். அந்த வாரமே போக வேண்டும்.

தம்பியின் புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அந்த இடம் வழவழப்பாக, செதில் இல்லாமல் இருந்தால் அதுதான். செதிலும் அரிப்பும் ஒடிந்த முடியும் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்குப் பூஞ்சை மருந்து வேறு. ஒரே ஒரு சிறு வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே வளர்ந்துவிடும். முதலில் வெள்ளை முடியாக வரலாம், பிறகு கறுக்கும். சீக்கிரம் வேண்டுமென்றால் மருத்துவர் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை அந்த இடத்தின் தோலுக்குள் 4–6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார். பூண்டு, மிளகு என்று எதையும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்டம் இரண்டு மூன்றாகப் பெருகினாலோ, புருவத்திலோ தலையிலோ வந்தாலோ உடனே காட்டச் சொல்லுங்கள்.