15 வயதை நெருங்கும் பிக்கப்பை வாங்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் நாலு ஏக்கரில் தக்காளியும் முருங்கையும் போடுகிறேன். மார்க்கெட் 18 கிலோமீட்டர். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,100 ரூபாய் கொடுக்கிறேன், வருஷத்துக்கு 90 நடை வரும். 2012 மாடல் பொலேரோ பிக்கப், பி.எஸ். 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டி.ஐ. என்ஜின், மூன்றாவது ஓனர், 3,10,000 ரூபாய்க்கு வருகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) இன்னும் ஒன்றரை மாதத்தில் முடிகிறது. என்ஜின் நன்றாக இருப்பதாக ஊர் மெக்கானிக் சொல்கிறார். மகனிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது என்ஜின் அல்ல, அந்த ஒன்றரை மாதம். பழைய லோடு வண்டிகள் பெரும்பாலும் எஃப்.சி. முடியப்போகும் நேரத்தில்தான் விலைக்கு வருகின்றன. காரணம் எளிது. டிங்கரிங், பெயிண்ட், பிரேக், டயர், லைட், ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் என்று எஃப்.சி.க்கு முன் செய்ய வேண்டிய செலவு வாங்குபவர் தலையில் விழட்டும் என்ற கணக்கு. எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டினால் போதும். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு 2027-இல் 15 வயது முடிகிறது. 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய விதிகளின்படி 2022 ஏப்ரல் முதலே எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இன்றைய கட்டணத்தை மத்திய அரசின் வாகன இணையதளமான பரிவாகனில் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் வரவு செலவைப் பார்ப்போம். 90 நடைக்கு நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகை 99,000 ரூபாய். சொந்த வண்டி என்றால் போக வர 36 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நடைக்கு மூன்று லிட்டர் டீசல், வருஷத்துக்கு ஏறத்தாழ 25,000. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளுக்கு 2022-இல் அறிவித்த அடிப்படைத் தொகையே 16,049 ரூபாய், வரி தனி. வண்டி பழசு என்பதற்காக இது குறையாது. எஃப்.சி. வேலைக்கு 20,000, டயர், கிளட்ச், பேட்டரி, சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30,000 ஒதுக்குங்கள். இந்த இரண்டும் என் தோராயம். கூட்டினால் 92,000-ஐ ஒட்டி வருகிறது. மிச்சம் ஏழாயிரம். போட்ட மூன்று லட்சத்துக்கு வட்டியும், மகனின் உழைப்புக்குக் கூலியும் இதில் சேரவில்லை.

உங்கள் தோட்டத்துச் சரக்குக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம். பக்கத்துத் தோட்டங்களின் பெட்டிகளையும் ஏற்றி வாடகை பார்க்க மகன் தயார் என்றால் கணக்கே வேறு. நடை கூடக் கூட இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் பகிர்ந்துபோகும். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் வாடகைக்கு ஓட்டத் தடையில்லை. ஆர்.சி.யில் மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்ந்தது) 3,000 கிலோவுக்கு மேல் போகாவிட்டால் பெர்மிட்டும் தேவையில்லை. கார் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்து ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: களை பறிக்கப் போகும் பெண்களைச் சரக்கு ஏற்றும் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவது. நம் பக்கம் எல்லோரும் செய்கிறார்கள். விபத்து என்று வந்தால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கும்.

இனி வண்டி. மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். இந்த வயதில் அது ஓடியிருக்கிறதா என்பதே சந்தேகம். முந்தைய மூன்று ஓனர்களும் இதில் என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர், மளிகை, பால் ஓட்டிய வண்டிக்கு எடை ஓர் அளவில் நிற்கும். செங்கல், எம்.சாண்ட், கம்பி ஏற்றிய வண்டிக்கு அளவே கிடையாது. மீன் வண்டியாக இருந்தால் நான் இரண்டாம் முறை பார்க்கக்கூட மாட்டேன். ஐஸும் உப்புத் தண்ணீரும் வருஷக்கணக்கில் வடிந்து சேஸிஸை உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே அடித்த பெயிண்டில் அது தெரியாது. பிராய்லர் கோழி ஏற்றிய வண்டி என்றால் இரவெல்லாம் ஓடியிருக்கும், பாடி நன்றாக இருந்தாலும் என்ஜினும் கியர்பாக்ஸும் களைத்திருக்கும். விற்பவர் மறைத்தால் தொட்டியின் தரைத் தகடு சொல்லும்: நடுவில் குழிந்திருக்கிறதா, மூலையில் சிமென்ட் ஒட்டியிருக்கிறதா, மழைத் தண்ணீர் பட்டால் மீன் வாடை வருகிறதா.

சேஸிஸைப் பார்க்க வண்டியை ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் தூக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பிளேட் கட்டைச் சேஸிஸோடு பிடிக்கும் பிராக்கெட் இருக்கும் இடங்களில் விரிசலோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், அல்லது மாறியும் இருந்தால் ஒன்று தொட்டியைக் கோணலாக மாட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் சேஸிஸ் வளைந்திருக்கிறது. பின்பக்கம் கம்பெனி கொடுத்ததற்கு மேல் பிளேட் சேர்த்திருந்தால் அது அதிக பாரத்துக்காகவே சேர்த்தது. அடியில் மட்டும் புத்தம் புதுக் கருப்புப் பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

பலரும் செய்யாத ஒரு சோதனை, காலி வண்டியை எடை மேடையில் ஏற்றுவது. ஆர்.சி.யில் உள்ள காலி எடையோடு ஒப்பிடுங்கள். கூடுதல் பிளேட், கனமான தொட்டி, மேலே கட்டிய ஆங்கிள் சட்டம் எல்லாம் சேர்ந்து 150 கிலோ கூடியிருந்தால், நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கில் அந்த 150 கிலோ போய்விட்டது. பெட்டி 15 கிலோ என்றால் பத்துப் பெட்டி. மொத்த எடையிலிருந்து இந்த மேடை எடையைக் கழித்தால் வருவதுதான் சட்டப்படி உங்கள் லோடு. அது 1,250 கிலோ என்று வைத்தால் 83 பெட்டி. 100 பெட்டி ஏற்றும் பழக்கத்தில்தான் பிரேக்கும் கிரவுனும் (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரம்) போகின்றன.

என்ஜினைப் பொறுத்தவரை உங்கள் மெக்கானிக் சரியாகவே சொல்லியிருக்கலாம். டி.ஐ. என்ஜின் எலக்ட்ரானிக்ஸ் குறைந்த என்ஜின், மெக்கானிக்கல் பம்ப், எந்த ஊரிலும் கை வைப்பார்கள். பி.எஸ். 6 வண்டியின் சென்சார் தொல்லை இதில் இல்லை. இருந்தாலும் நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்த என்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்பது முக்கியம். என்ஜின் ஓடும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள், அந்தக் குழாயில் புகை குபுகுபுவென வந்தால் என்ஜின் போர் வேலை காத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் கலக்கிறது, அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காலி வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அரை லோடாவது ஏற்றி வடகாடு மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறி இறங்குங்கள். ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறதா, இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் தானாக நழுவுகிறதா, பின்னால் கிரவுன் ஊளையிடுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா. கிளட்ச் சில்லறைச் செலவு. கிரவுனும் கியர்பாக்ஸும் அப்படியல்ல.

கடைசியாகக் காகிதம், உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது. வண்டி எண்ணைப் பரிவாகனில் போட்டு எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ், நிலுவை அபராதம், ஹெச்.பி. (வண்டி மேல் உள்ள கடன் பதிவு) எல்லாவற்றையும் பாருங்கள். டியூ முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மூன்றாவது ஓனர் என்கிறாரே, ஆர்.சி.யில் உண்மையிலேயே அவர் பெயர் இருக்கிறதா? இரண்டாமவர் கையெழுத்திட்ட பேர் மாற்றப் படிவங்களான 29, 30-ஐ வைத்துக்கொண்டே இவர் ஓட்டிக்கொண்டிருந்தால், பேர் மாற்றத்துக்கு நீங்கள் தேடிப்போக வேண்டியது இவரை அல்ல, அந்த இரண்டாமவரை. அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள், படிவம் 31 என்று இழுக்கும்.

ஆகவே விற்பவரிடம் இப்படிப் பேசுங்கள்: எஃப்.சி.யை அவரே காட்டி, பேரும் மாற்றித் தரட்டும், கேட்ட விலைக்குப் பக்கத்தில் கொடுக்கலாம். முடியாது, இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் டிங்கரிங் கடையிலும் மெக்கானிக்கிடமும் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையோடு இன்னொரு 15,000 சேர்த்து விலையில் கழியுங்கள். பேச்சு முடிந்தால் சிறிய தொகையை மட்டும் அட்வான்ஸாக, வங்கி மூலம் கொடுங்கள். பேர் மாறாவிட்டால் அல்லது எஃப்.சி. கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மீதியை ஆர்.சி.யில் உங்கள் பெயர் வந்தபிறகு கொடுக்கலாம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.