டிரவுட்டு ஓடையில குத்த வெச்சு உக்காரோணும்

காங்கேயத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. மருமகன் ஸ்காட்லாந்துல இருந்து 9 அடி, 5 நம்பர் ஃப்ளை ராடு (பூச்சியாட்டம் முடி, எறகு கட்டுன முள்ளை, அதாவது ஃப்ளைய, வீசற தூண்டில் கம்பு; நம்பருங்கறது அதுக்கான லைனோட கனம்) கொண்டாந்து குடுத்தாராம், அனுமதியெல்லாம் வாங்கிட்டு ஊட்டிக்கு மேல ஒரு சின்ன ஓடையில போட்டுப் பாத்தா பாதி நேரம் லைனு பின்னாடி பொதர்ல மாட்டுதாம், டிரவுட்டு மீனு ஒண்ணுகூட கண்ணுல படலையாம், சின்ன ராடா வாங்கோணுமான்னு கேக்கறாரு.

வாங்கலாங்ணா, 7 அடியில 3 நம்பர் ராடு இருந்தா சோலைக்குள்ள சௌரியந்தான். ஆனா மீனே கண்ணுல படலைங்கறீங்களே, அதுக்கு ராடு என்ன பண்ணும்? நீங்க அதைப் பாக்கறதுக்கு முன்னாடியே அது உங்களைப் பாத்துட்டுப் போயிருச்சு.

டிரவுட்டு பெரும்பாலும் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சிய வெச்சுட்டுத்தான் நிக்கும், தீனி அங்கிருந்துதான மெதந்து வருது. அதனால கீழ இருந்து மேல ஏறிப் போகோணும். நம்மாளுங்க பாலத்துகிட்ட வண்டிய நிறுத்திட்டு மேல இருந்து எறங்கி எறங்கி வருவாங்க, மீனுக்கு நேரெதுக்கா, சேத்தையும் கலக்கி விட்டுட்டு.

அப்பறம், தண்ணிக்குள்ள இருந்து பாக்கறப்போ வெளிய இருக்கறது பூராவும் ஒரு வட்ட சன்னல் வழியாத்தான் அதுக்குத் தெரியும், அந்த சன்னல் ஓரத்துல, தண்ணி மட்டத்துல இருந்து சுமாரு 10 டிகிரிக்குக் கீழ இருக்கறதெல்லாம் நசுங்கிப்போயி சரியாத் தெரியாது. கணக்குப் போட்டா 20 அடி தள்ளி இருக்கறவன் மூணரை அடிக்கு மேல தலையத் தூக்கக்கூடாது, அதாவது குத்த வெச்சு உக்காரோணும். நானும் மொதல்ல நட்டமா நின்னுட்டுத்தான் வீசிட்டிருந்தேன். ஒரு நாளு பாறைக்குப் பின்னாடி கூழாங்கல்லு மேல ஒரு நெழலு மட்டும் லேசா ஆடிட்டு இருந்துச்சு, பாசியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு கையத் தூக்குனேன், நெழலு அம்பாட்டம் போயிருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது அது மீனோட நெழலு, மீனு அதுக்கு ஒரு சாண் மேல நின்னுருக்குதுன்னு.

பொதர்ல மாட்டறதுக்கு மருந்து, பின்னாடி வீசறதையே விட்டர்றதுதான். ராடு நுனிக்கு வெளிய லீடரும் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டற மெல்லிசு நரம்பு) ரெண்டு மூணு அடி லைனும் போதும். ஃப்ளைய முள்ளு வளைவுல புடிச்சுட்டு, முள்ளு வெரல்ல ஏறிராம, ராடை வில்லாட்டம் வளைச்சு உண்டிவில்லு அடிக்கற மாதிரி விடுங்க, பொந்து மாதிரி எடத்துக்குள்ள கூட போயி விழும். கொஞ்சம் தூரமா வேணும்னா ரோல் காஸ்ட், அதாவது லைனைப் பின்னாடி வீசாம தண்ணி மேல சுருட்டி முன்னாடி உருட்டி விடறது. அதை கொப்பரை காயப்போடற களத்துல பழகிராதீங்க, லைனைப் புடிச்சு இழுக்க தண்ணி வேணும், இல்லீன்னா சுத்தாது, சிமெண்டுல லைன் மேல இருக்கற பூச்சும் ஒரசிப்போயிரும். குட்டைக் கரையில நின்னு பழகுங்க.

ஃப்ளை விழுந்ததுக்கப்பறம் பக்கத்துல வர்ற நொரை என்ன வேகத்துல வருதோ அதே வேகத்துல வரோணும், இழுபட்டுட்டு வந்தா திரும்பிக்கூடப் பாக்காது. ராடைத் தூக்கிப் புடிச்சு லைனு தண்ணியில படாம பாத்துக்கோங்க, இதுக்கு உங்க 9 அடி ராடு நல்லாவே ஆகும்.

எந்த ஃப்ளைன்னு ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க. ஓடையில ஒரு கல்லைப் பொரட்டிப் பாருங்க, மணலை ஒட்டிச் சின்னதா குழா கட்டிட்டு ஒரு புழு இருந்துச்சுன்னா அது கேடிஸ்ங்கற பூச்சியோட புழு, அந்தப் பூச்சியாட்டம் மான் முடியில கட்டுன எல்க் ஹேர் கேடிஸ் ஃப்ளை, முள்ளு சைசு 14ம் நம்பர், போதும், நுனி நரம்பு 5எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீட்டர். முள்ளு நுனியில இருக்கற சின்ன எதிர்க்கொக்கிய ப்ளையர்ல நசுக்கிருங்க, கைய நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடோணும்.

ஒரு தெர்மாமீட்டரும் வெச்சுக்கோங்க. 1907ல ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில மீன் பொரிப்பகம் கட்டி வளத்தி விட்ட சாதி இது, குளுந்த தண்ணி மீனு, அங்கிருந்து பவானியில சேர்ற தண்ணிதான் கீழ மேட்டுப்பாளையத்துக்கு வருது, அங்க எங்கயாச்சும் டிரவுட்டு இருக்குதா? தண்ணி 20 டிகிரியத் தாண்டுச்சுன்னா விட்டுட்டு வந்துருங்க, புடிச்சு விட்டாலும் பொழைக்கறது கஷ்டம். ஆனி, ஆடியில அந்தப் பக்கமே வேண்டாம், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது.

அடுத்த தடவ போறப்போ கொப்பரைச் சாக்கு ஒண்ணை மடிச்சு எடுத்துட்டுப் போங்கண்ணா, முட்டிக்கு அடியில போட்டுக்கலாம்.