பழைய ரெட் அலர்ட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் புது லினக்ஸ்ல ஓடுமா?

கீழக்கரையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. புது லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ் போட்டிருக்காராம், வீட்ல ரெட் அலர்ட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன்னு பழைய விண்டோஸ் கேம் சிடி ரெண்டு கெடக்காம், விண்டோஸ் புரோகிராம லினக்ஸ்ல ஓட்டுற வைன்ல போட்டா கலர் பூரா பச்சையும் ரோஸுமா வருது, இல்லேன்னா ஸ்க்ரீன் கருப்பாயிருது, பெருநாளுக்கு துபாய்லேர்ந்து வர்ற காக்காவோட (அண்ணனோட) சேந்து ஆடணும், என்ன பண்ணலாம்னு.

ஓடும் தம்பி, நல்லாவே ஓடும். முதல்ல சிடிய காப்பாத்துங்க. நம்ம கடக்கரை ஊர் ஈரத்துக்கும் உப்புக்காத்துக்கும் அத நம்பி வச்சிருக்க முடியாது, யாருகிட்டயாவது யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கி ரெண்டையும் ஐஎஸ்ஓ ஃபைலா, அதாவது முழு சிடியோட நகலா, எடுத்து வச்சிருங்க.

ரெட் அலர்ட்டுக்கு வைனே வேண்டாம்ங்கிறது என் கருத்து. 1996ல வந்த கேம் அது, 2008ல ஈஏ கம்பெனியே இலவசமா விட்ருச்சு. அதுக்குன்னே ஓப்பன்ஆர்ஏன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் எஞ்சின் (கேம ஓட்டுற புரோகிராம்) இருக்கு, லினக்ஸ்ல நேரடியா ஓடும். அதோட ஆப்இமேஜ் ஃபைல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஒத்த ஃைபல்) எறக்கி, ப்ராப்பர்ட்டீஸ்ல எக்ஸிகியூட் பர்மிஷன் (ஓட அனுமதி) குடுத்து தொறந்தா, கேமுக்கு வேண்டிய ஃபைல அதுவே கேட்டு எறக்கிக்கும், மொபைல் டேட்டாவே போதும். மிஷன் நடுவுல வர்ற வீடியோ வேணும்னா உங்க சிடியக் காட்டுங்க, அதுலேர்ந்து எடுத்துக்கும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, இதுல யூனிட்டோட பலம், வேகம், வெலை எல்லாம் மாத்தி வச்சிருக்காங்க, அதனால சின்ன வயசுல ஆடுன அதே ஆட்டமா இருக்காது.

அதே ஆட்டம்தான் வேணும்னா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கும் சேத்து, வைன்தான். இந்த கலர் கோளாறு ஏன் வருதுன்னா அந்தக் காலத்து கேமெல்லாம் டைரக்ட்ட்ராங்கிற விண்டோஸோட பழைய படம் வரையிற வசதி வழியா 256 கலர் பட்டியல (பேலட்) வச்சு வரையும், இப்ப உள்ள டெஸ்க்டாப்புக்கு அந்த மோடே கெடையாது, 640க்கு 480ன்னு ஸ்க்ரீன மாத்தச் சொல்லி கேம் கேக்கும்போதும் சிக்கிக்கும். இதுக்கு மருந்து சிஎன்சி-டிட்ராங்கிற (cnc-ddraw) இலவச ஃபைல். அதுல இருக்கிற டிட்ரா டிஎல்எல்ல (ddraw.dll) கேம் ஃபோல்டர்ல போடுங்க, வைனோட செட்டிங்ஸான வைன்கான்ஃபிக் (winecfg) தொறந்து லைப்ரரீஸ் டேப்ல டிட்ரான்னு (ddraw) சேத்து "நேட்டிவ், அப்புறம் பில்ட்இன்"னு வைங்க. இந்த ரெண்டாவது வேலைய விட்டுட்டா வைன் தன்னோட டிட்ராவத்தான் எடுக்கும், நீங்க ஃபைல் போட்டும் பிரயோஜனமில்ல, நெறய பேர் தடுக்கி விழுறது இங்கதான். சரியா வச்சிட்டா அது ஓப்பன்ஜிஎல்ங்கிற இப்போதைய முறையில வரைஞ்சு பெரிய ஸ்க்ரீனுக்கு அழகா நீட்டிக் குடுத்துரும்.

சிடி போடுன்னு கேட்டா ஐஎஸ்ஓவ மவுண்ட் பண்ணி (சிடி மாதிரி தொறந்து வச்சு), வைன்கான்ஃபிக் டிரைவ்ஸ் டேப்ல அத ஒரு டிரைவா சேத்து, டைப்ப சிடிராம்னு மாத்துங்க. கேம் ரெண்டும் 32 பிட், அதனால வைன் பழைய வெர்ஷனா இருந்தா 32 பிட் சப்போர்ட்டும் சேத்துப் போடணும்.

காக்காவோட ஆடுறதுக்கு ஓப்பன்ஆர்ஏதான் நல்லது, வேற யோசிக்காதீங்க. பழைய ரெட் அலர்ட் லேன்ல (பக்கத்து கம்ப்யூட்டரோட சேத்த நெட்வொர்க்ல) ஐபிஎக்ஸ்ங்கிற பழைய முறையில பேசும், லினக்ஸோட மையமான கர்னல்ல இருந்து 2018லயே அத எடுத்துட்டாங்க. ஓப்பன்ஆர்ஏ சாதாரண ஐபி நெட்வொர்க்லயே போகும், அவர் லேப்டாப்ல விண்டோஸ் இருந்தாலும் சேந்து ஆடலாம், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே வெர்ஷனா இருக்கணும். ஒரு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ரெண்டு லேப்டாப்பயும் அதுல சேருங்க, ஒருத்தர் கேம கிரியேட் பண்ணுங்க, லிஸ்ட்ல தெரியலேன்னா மத்தவர், கிரியேட் பண்ணுனவரோட ஐபி அட்ரஸ அடிச்சு உள்ள வந்துரலாம். கேமும் ஃபைலும் முன்னாடியே எறக்கி வச்சிருந்தா ஆடுற நேரத்துல நெட்டு இல்லேன்னாலும் ஒண்ணும் ஆகாது.